கோடாரியும் மண்வெட்டியும்



வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க கோயில்ல அறுப்பின் பண்டிகை. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஊர் எங்களோடது. கோயிலும் சின்னதுதான். பட்டணத்துல இருக்கிற உங்கள்ல சில பேருக்கு இந்தப் பண்டிகை தெரியாம இருக்கலாம். அவங்கவங்க நிலத்துல விளைஞ்சதுல ஒரு பங்கைக் கொண்டுவந்து ஆண்டவர் முன்னால வைப்போம். நெல்லு, மல்லாட்டை, பூசணிக்காய், வாழைத்தார், கோழி, முட்டைன்னு எது இருக்கோ அது. ஆராதனை முடிஞ்சதும் வேப்பமரத்தடியில ஏலம் நடக்கும். அம்பது ரூபா பூசணிக்காய் ஐநூறு ரூபாய்க்குப் போகும். ஒரே கோழியை மூணு பேர் மாத்தி மாத்தி ஏலம் எடுத்துக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்குக் கிறிஸ்துமஸைவிட இந்தப் பண்டிகைதான் பிடிக்கும். விவசாயிக்கு மரியாதை கிடைக்கிற ஒரே நாள் அது.

இந்த வருஷம் எங்க அக்கா வரலைன்னு சொல்லிடுச்சு.

"நீங்க போயிட்டு வாங்கடா தம்பி. மாட்டை யாரு பாத்துக்கிறது?"ன்னு சொல்லுச்சு. மாடு ஒரு சாக்கு. காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிட்டு என் மனசுல பட்டதையும் எழுதணும்னுதான் இன்னைக்கு உக்காந்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்துல பெய்ய வேண்டியதுல பாதிக்குக் கிட்ட ஒரே நாள்ல கொட்டுச்சு. கதிர் வந்து நின்ன எங்க ஒரு ஏக்கர் சம்பா நெல்லு மூணு நாள் தண்ணிக்குள்ள கெடந்தது. தண்ணி வடிஞ்சப்ப கதிர்லயே முளைச்சிருந்தது. மல்லாட்டைக்கு உழுது வெச்சிருந்த முக்கால் ஏக்கர்ல சேறும் மணலும் ஏறிடுச்சு.

அந்த ராத்திரி வீட்டுக்குள்ள தண்ணி வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் நான் டிவியையும் அரிசி மூட்டையையும் தூக்கிட்டு ஓடினேன். அக்கா விதை மல்லாட்டை மூட்டைங்க அஞ்சையும் ஒத்தை ஆளா இழுத்துப் பரண் மேல ஏத்துச்சு. அதுக்கு அறுபது வயசு. ஊர்ல பல வீட்டுல விதை நனைஞ்சு பூசணம் பிடிச்சுப் போச்சு. எங்க வீட்டு விதை மட்டும் காஞ்சபடி இருந்தது. எங்களுக்கு ரெண்டு மூட்டை வெச்சுக்கிட்டு, மீதி மூணு மூட்டையை நாலு வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுத்துச்சு அக்கா. காசு வாங்கலை. "வெளஞ்சா விதையா திருப்பிக் கொடுங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு தை கடைசியில அறுப்பின் பண்டிகை. ஊர்ல அறுப்பே இல்லை, என்னத்தைக் கொண்டு போறது? அக்கா விதைக்கு வெச்சிருந்ததுல ஒரு படி மல்லாட்டையை எடுத்து முறத்துல போட்டுக் கொண்டுவந்து வெச்சுது.

அன்னைக்கு வெளியூர்லேர்ந்து ஒரு செய்தியாளரைக் கூப்பிட்டிருந்தாங்க. பேரு வேணாம். நல்ல குரல், நல்ல பேச்சு. லூக்கா சுவிசேஷத்துல வர்ற காய்க்காத அத்திமரத்தை எடுத்துக்கிட்டார். மூணு வருஷமா கனி தேடி வந்த முதலாளி, இதை வெட்டிப் போடுன்னு சொல்றாரு இல்லையா, அந்த இடம். அதிலேயே நின்னு கோடாரி, கோடாரின்னு அரை மணி நேரம் பேசினார். அப்புறம் சொன்னார்: "உன் வயல்ல விளைச்சல் இல்லையா? உன் வயித்துல பிள்ளை இல்லையா? உன் வாழ்க்கையில எங்கயோ கோளாறு இருக்கு. யோசிச்சுப் பார்."

எங்க அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்துல அதைக் காரணம் காட்டித்தான் திருப்பி அனுப்பினாங்க. முப்பது வருஷமா எங்களோடதான் இருக்கு. அவர் அதை மனசுல வெச்சுப் பேசலை, அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனா கோயில்ல நாலு தலை திரும்பி அக்காவைப் பாத்துது. அக்கா மெதுவா எழுந்து வெளியில போய் வேப்பமரத்தடியில உக்காந்துக்கிச்சு. அதுக்கப்புறம் அது கோயிலுக்கு வர்றது குறைஞ்சுது. இப்ப பண்டிகைக்கே வரலைன்னு சொல்லுது.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். வேத சாஸ்திரம் படிச்சவன் இல்லை. ஆனா மரம், செடி, காய், கனின்னு யாராவது பேசினா அந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

அந்த அத்திமரக் கதையில கோடாரி முதல் பாதிதான். இன்னொரு பாதி இருக்கு. தோட்டக்காரன் குறுக்க வந்து, இந்த ஒரு வருஷம் விட்டுடுங்க, நான் சுத்திக் கொத்தி எரு போடுறேன்னு கேக்குறான். கவனிச்சுப் பாருங்க, அவன் மரத்தைப் பாத்து ஒரு வார்த்தை திட்டலை. உன்கிட்ட என்ன கோளாறுன்னு மரத்தைக் கேக்கலை. வேலையைத் தன் தலைமேல எடுத்துக்குறான். குனிஞ்சு கொத்தப் போறது அவன், எருக்கூடை சுமக்கப் போறதும் அவன். அடுத்த வருஷம் மரம் காய்ச்சுதா இல்லையான்னு இயேசு சொல்லவே இல்லை. கதை அங்கேயே நின்னுடுது. மண்வெட்டி கையில இருக்கிறவனோட நம்மளை விட்டுட்டுப் போறார். அப்படியிருக்க, நாம பிரசங்கத்துல கோடாரியை மட்டும் எடுத்துக்கிட்டு மண்வெட்டியைக் கோயிலுக்கு வெளியில விட்டுட்டு வர்றது என்ன நியாயம்?

கனின்னா என்னங்கிறதுலயே நாம தடுமாறுறோம்னு எனக்குத் தோணுது. இப்ப சாட்சிக் கூட்டங்கள்ல கனின்னா கார், வீடு, பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை. பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்துல ஆவியின் கனின்னு ஒன்பது சொல்றாரு. அன்பு, பொறுமை, சாந்தம் மாதிரி எல்லாமே குணம். அதுல ஒண்ணுகூட மூட்டைக் கணக்கு இல்லை. ஒண்ணுகூடப் பிள்ளைக் கணக்கு இல்லை. எங்க பாஷையில சொன்னா மகசூல் வேற, கனி வேற. மகசூலை மார்க்கெட் கமிட்டியில எடை போடலாம். கனிக்கு அந்தத் தராசு ஆகாது.

மல்லாட்டையையே எடுத்துக்குங்க. நீங்க நிலக்கடலைன்னு சொல்றதுதான். மணிலாக்கொட்டைங்கிற பேர்தான் எங்க வாயில தேஞ்சு மல்லாட்டை ஆச்சு. விதைச்சு ஒரு மாசத்துக்குள்ள மஞ்சளா பூக்க ஆரம்பிக்கும். காலையில மலர்ற பூ அன்னைக்கே வாடிடும். வேற செடியா இருந்தா பூ இருந்த இடத்துலயே காய் தொங்கும். இது அப்படி இல்லை. பூ வாடின இடத்துலேர்ந்து ஊசி மாதிரி ஒரு விழுது கீழ இறங்கும். அது மண்ணுக்குள்ள போன பிறகுதான் நுனி பருத்துக் காயாகும். மண்ணைத் தொடாத விழுது எத்தனை நீளம் வளந்தாலும் காய்க்காது, காஞ்சு போயிடும். வெளிச்சத்துல பூக்கும், இருட்டுல காய்க்கும். விதை மண்ணுல விழுந்து செத்தாத்தான் பலன் கொடுக்கும்னு இயேசு கோதுமையை வெச்சுச் சொன்னார். கோதுமையை நான் பயிர் பண்ணினது இல்லை. எனக்கு அந்த வசனம் புரிஞ்சது மல்லாட்டைக் கொல்லையிலதான்.

பட்டணத்துலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க கொல்லையைப் பாத்துட்டு, "என்ன மாமா, வெறும் செடிதான் இருக்கு, காயே காணோமே"ன்னு கேப்பாங்க. சிரிப்பு வரும். யூரியாவை அள்ளிப் போட்டா செடி முழங்கால் உயரத்துக்குக் கருகருன்னு நிக்கும். பாக்கிறவன் எல்லாம் "ஆகா"ன்னுவான். பிடுங்கிப் பாத்தா பாதி பொக்கு. காயைப் பிடிக்க வைக்கிறது வேற வேலை. 40, 45 நாள்ல ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தூவி மண் அணைக்கணும். அதுக்கப்புறம் செடிகிட்டயே போகக் கூடாது. களைகொத்தைப் போட்டு நோண்டினா இறங்கின விழுது அறுந்துடும். காய் பிடிச்சிருக்கான்னு தினம் ஒரு செடியைப் பிடுங்கிப் பாக்கிறவன் அறுப்புக்கு எதை வெச்சிருப்பான்? மனுஷங்களைப் பாத்து "உனக்கு என்ன ஆச்சு, ஏன் இன்னும் ஆகலை"ன்னு வாராவாரம் நோண்டுறவங்களும் அதைத்தான் பண்றாங்க.

இதுல எங்க ஊர்ப் பெருமை ஒண்ணு சொல்றேன். நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி.ன்னு பேர் வரும். அது திண்டிவனத்தைக் குறிக்கிற எழுத்து. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்த ரகங்கள். டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-ல, டி.எம்.வி. 7 வெளிவந்தது 1967-ல. டி.எம்.வி. 2 ஆந்திரா, கர்நாடகான்னு போய் லட்சக்கணக்கான ஏக்கர்ல விளைஞ்சுது. அங்க கடலை உருண்டை தின்ன பிள்ளைங்களுக்குத் திண்டிவனம்னு ஒரு ஊர் இருக்கிறதே தெரியாது. விதைச்ச இடம் ஒண்ணு, காய்ச்ச இடம் இன்னொண்ணு.

அதே மாதிரி திண்டிவனத்துல விழுந்து வேற ஊர்ல காய்ச்ச விதை இன்னொண்ணும் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

ஐடா ஸ்கடர் 1870-ல ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா, தாத்தா எல்லாரும் மிஷனரி டாக்டர்கள். அவருக்கு மட்டும் அதுல விருப்பம் இல்லை. அமெரிக்காவுல படிச்சு அங்கேயே வாழணும்னு இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு 1890-களோட தொடக்கத்துல திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிப் போறதா எண்ணம். ஒரு ராத்திரி மூணு பேர் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தரும் ஒரு இந்துக் குடும்பத்துக்காரர். மூணு பேர் மனைவியும் பிரசவ வேதனையில. அப்பா டாக்டர், அவர் வர்றேன்னார். ஆம்பளை டாக்டர் வேணாம், நீங்க வாங்கன்னு ஐடாவைக் கேட்டாங்க. ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிஞ்சப்ப மூணு பெண்களும் இறந்து போயிருந்தாங்க.

அவங்க இறந்தது நல்லதுக்குத்தான்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றது பாவம். ஆனா அந்த ராத்திரி அந்தப் பெண்ணுக்குள்ள ஏதோ ஒண்ணு வாடி விழுந்துது, அதுலேர்ந்து ஒண்ணு இறங்குச்சு. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1899-ல பட்டம் வாங்கினார். 1900-ல வேலூர்ல சின்ன அறையில ஒரே ஒரு கட்டிலோட வைத்தியம் ஆரம்பிச்சார். 1902-ல ஆஸ்பத்திரி, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-ல கொடைக்கானல்ல காலமானார். இன்னைக்கும் திண்டிவனத்துல யாருக்காவது பெரிய வியாதின்னா "வேலூர் போ"ன்னுதான் சொல்றோம்.

ஐடா கல்யாணம் பண்ணிக்கலை. பிள்ளை இல்லை. அந்தச் செய்தியாளர் கணக்குல அவரும் காய்க்காத மரம்தானே? அவர் அப்படிச் சொல்ல மாட்டார்னு எனக்குத் தெரியும். ஐடாவுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, பேர் இருக்கு, கல்வெட்டு இருக்கு. எங்க அக்காவுக்குக் கல்வெட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க வரப்புல பதினோரு பனை நிக்குது. எங்க தாத்தா நட்டது. அதுல நாலு ஆண்பனை. பெரியவங்க அழகுப்பனைன்னு சொல்வாங்க. பனைங்கிறது பன்னெண்டு, பதினஞ்சு வருஷம் கழிச்சுப் பாளை விட்டாத்தான் ஆணா பெண்ணான்னே தெரியும். ஆண்பனையில நொங்கு கிடையாது, பழம் கிடையாது, சாகிற வரைக்கும் ஒரு காய் காய்க்காது. அதனால அதை வெட்டணுமா? அதோட மகரந்தம் இல்லைன்னா பக்கத்துப் பெண்பனையில கொட்டை முளைக்காது. அதுலயும் பதநீர் இறங்கும். ஓலை, மட்டை எல்லாம் உண்டு. பெஞ்சல் வெள்ளத்துல எங்க வரப்பு ரெண்டு இடத்துல உடைஞ்சுது. பனை நின்ன பக்கம் உடையலை. மண்ணைப் பிடிச்ச வேர் ஆண்பனை வேரா பெண்பனை வேரான்னு வெள்ளம் கேக்கலை.

பைபிள்லயும் இது இருக்கு. ஏசாயா 56-ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. பிள்ளை பெற முடியாதவங்க தங்களைப் பட்ட மரம்னு சொல்லிக்க வேணாம்னு கர்த்தர் சொல்றார். மகன் மகள்களால கிடைக்கிற பேரைவிட நல்ல பேரை என் வீட்டுல கொடுப்பேங்கிறார். என் வீட்டுலன்னு சொன்னதைக் கவனிங்க. அந்த வீட்டுலதான் எங்க அக்காவுக்கு எழுந்து வெளியில போற நிலை வந்தது. எனக்கு அம்பத்தஞ்சு வயசாகப் போகுது. இந்த அதிகாரத்தை வெச்சு ஒரு பிரசங்கம்கூட நான் இதுவரைக்கும் கேட்டதில்லை.

இத்தனையும் சொல்லிட்டு என் தப்பையும் சொல்லணும். இல்லைன்னா இது நேர்மையான எழுத்து ஆகாது. இயற்கையைப் பாத்தா தன்னால இரக்கம் வந்துடும்னு நீங்க நினைக்காதீங்க. நான் விவசாயி. நெருக்கமா முளைச்ச செடியைக் கலைச்சு எறியறவன். கறவை வத்தின மாட்டை வித்தவன். எங்க கிணத்தடியில ஒரு பலாமரம் இருந்தது. பண்ருட்டிப் பக்கத்துலேர்ந்து வாங்கிவந்த பழத்தோட கொட்டையைப் போட்டு அக்கா வளத்தது. ஒன்பது வருஷம் காய்க்கலை. நிழல் விழுந்து கத்திரிச்செடி வரலைன்னு ஒருநாள் ஆளை விட்டு வெட்டிட்டேன். அக்கா தடுத்துச்சு, "இன்னும் ஒரு வருஷம் பாருடா"ன்னு சொல்லுச்சு. நான் கேக்கலை. அதே பழத்துக் கொட்டையைப் பக்கத்துக் கொல்லைக்காரரும் போட்டிருந்தார். அந்த மரம் அடுத்த வருஷமே அடிமரத்துல காய் விட்டுது.

அத்திமரக் கதையில நான் யாருன்னு கேட்டா, வெட்டச் சொன்ன முதலாளி நான்தான். இன்னும் ஒரு வருஷம்னு கெஞ்சினது பிள்ளையில்லாத எங்க அக்கா. கனி இல்லாதவன் யார்னு அந்த இடத்துல எடை போட்டுப் பாத்தா எனக்குத்தான் வெக்கம்.

இதனால பிரசங்கம் பண்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். சபையில உக்காந்திருக்கிறவங்கள்ல பயிர் செத்தவன் இருப்பான், பிள்ளை இல்லாதவங்க இருப்பாங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க இருப்பாங்க. கனியைப் பத்திப் பேசுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா பேசுறதுக்கு முன்னால ஒரு சால் மண்ணாவது கொத்திட்டு வாங்க. அந்த வீட்டுக்கு ஒரு நடை போங்க, ஒரு கூடை எரு சுமந்து போங்க. அப்புறம் பேசினா வார்த்தை தன்னால மெதுவாகும்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் இது பொருந்தும். கல்யாண வீட்டுல, ஆபீஸ்ல, சொந்தக்காரங்க கூட்டத்துல "விசேஷம் ஏதும் உண்டா"ன்னு சாதாரணமா கேட்டுடறோம். கேக்கிறது நமக்கு ஒரு நிமிஷம். கேக்கப்பட்டவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் போகும்.

எங்க ஆயர்கிட்ட நேத்து சாயங்காலம் போய் இதையெல்லாம் சொன்னேன். அமைதியா கேட்டார். "நான் வந்து அக்காவைப் பாக்கிறேன்"னு சொன்னார். பாக்கட்டும். அக்கா வருமா வராதான்னு தெரியலை, நான் வற்புறுத்தப் போறதில்லை.

இன்னைக்குக் காலையில ஒரு விஷயம் நடந்துது. அக்காகிட்ட விதை வாங்கின நாலு வீட்டுல மூணு வீட்டுக்காரங்க ஏற்கெனவே விதையைத் திருப்பிட்டாங்க. நாலாவது வீட்டுக்காரர் இன்னைக்குத்தான் சைக்கிள்ல ஒரு மூட்டையை வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தார். "அக்கா, தர வேண்டியதுக்கு மேலயே ஒரு மரக்கால் இருக்கு. அதை உங்க பேர்ல பண்டிகைக்கு வெச்சுடட்டுமா?"ன்னு கேட்டார்.

அக்கா மூட்டையைப் பிரிச்சு ஒரு காயை உடைச்சுப் பாத்துச்சு. ஓட்டுக்கு உள்பக்கம் நல்லாக் கருத்து, பருப்பு முத்தி இருந்தது. ரெண்டு பருப்பை வாயில போட்டுக்கிட்டு, "எம் பேர் எதுக்கு? உம் பேர்லயே வையி. உன் கொல்லையில வெளஞ்சது"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுச்சு.